கொழுப்புத் திசுவில் மரபணு இயக்கத்தை அளப்பது எப்படி: மாதிரி எடுப்பதிலிருந்து முடிவு எழுதுவது வரை

100 மில்லிகிராம் கொழுப்பை அரைத்து, ‘பருமனானவர்களிடம் லெப்டின் மரபணு நான்கு மடங்கு கூடுதலாக இயங்குகிறது’ என்று ஓர் எண்ணைப் பெற இரண்டு நாள் போதும். அந்த நான்கு மடங்கு எதைக் குறிக்கிறது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு கொழுப்புச் செல்லும் நான்கு மடங்கு வேலை செய்கிறதா? திசுவில் இருக்கும் செல்களின் கலவை மாறியிருக்கிறதா? அல்லது அந்த ஆள் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தாரா? அளவிடும் கருவிக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க வேண்டியது நாம். அதற்கான ஏற்பாடு ஊசி குத்துவதற்கு முன்பே தொடங்குகிறது.

தெரிந்ததை முதலில் பாருங்கள்

வெள்ளைக் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு அல்ல. 1994இல் லெப்டின் (கொழுப்புச் செல் சுரக்கும், பசியைக் குறைக்கும் ஹார்மோன்) கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதை ஒரு நாளமில்லாச் சுரப்பியாகவே பார்க்கிறோம். உடல் பருமனில் எந்த மரபணு எந்தப் பக்கம் நகரும் என்பது பெரும்பாலும் தெரிந்த கதை. லெப்டின், மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களைக் காட்டும் சிடி68, அவற்றை வரவழைக்கும் சிசிஎல்2 ஆகியவை ஏறும். கொழுப்புச் செல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான அடிப்போனெக்டின், குளுக்கோஸை உள்ளே கொண்டுவரும் குளூட்-4, கொழுப்பமிலம் தயாரிக்கும் எஃப்ஏஎஸ்என், மைட்டோகாண்ட்ரியா சார்ந்த பல மரபணுக்கள் ஆகியவை இறங்கும்.

புதிய மரபணு எதையும் அளப்பதற்கு முன் இந்தப் பட்டியலிலிருந்து நான்கைந்தை உங்கள் மாதிரிகளில் ஓட்டிப் பாருங்கள். லெப்டின் ஏறவில்லை, சிடி68 அசையவில்லை என்றால் புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ள வேண்டாம். குழாய்களில் ஒட்டிய பெயர்கள் மாறிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சோதிக்க ஒரு மலிவான வழி உண்டு. எக்ஸ்ஐஎஸ்டி என்ற மரபணு பெண்களின் திசுவில் மட்டும் வலுவாகத் தெரியும். ஒய் குரோமோசோமில் இருக்கும் ஆர்பிஎஸ்4ஒய்1 ஆண்களிடம் மட்டும் தெரியும். இந்த இரண்டையும் எல்லா மாதிரிகளிலும் அளந்து, பதிவேட்டில் உள்ள பாலினத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டால் அந்தப் பெட்டி முழுவதையும் சந்தேகியுங்கள்.

ஆட்களைச் சேர்ப்பது

பருமன் உள்ளவர், இல்லாதவர் என்று இரு கூடையாகப் பிரிப்பதைவிட பி.எம்.ஐ.யைத் தொடர் எண்ணாகவே வைத்துக்கொள்வது நல்லது. 29.8 உள்ளவரையும் 30.2 உள்ளவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்துவதில் அர்த்தமில்லை. இடுப்புச் சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதை பி.எம்.ஐ. சொல்லாது.

எத்தனை பேர் வேண்டும்? இரு குழு ஒப்பீட்டுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. ஒரு மரபணுவின் சிதறலின் (திட்ட விலக்கத்தின்) வர்க்கத்தை, நீங்கள் பிடிக்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்து 16ஆல் பெருக்குங்கள். இரண்டும் இரட்டிப்பு அலகில் (log2) இருக்க வேண்டும்: 1 என்றால் இரு மடங்கு. ஆட்களுக்கு இடையிலான சிதறல் 1 என்று வைத்தால், இரு மடங்கு வித்தியாசத்தைப் பிடிக்கக் குழுவுக்கு 16 பேர். ஒன்றரை மடங்கைப் பிடிக்க வேண்டுமென்றால் வித்தியாசம் 0.58 ஆகிறது, குழுவுக்கு 47, 48 பேர் தேவை. இது ஒரே ஒரு மரபணுவை, 5 சதவீதப் பிழை வரம்பில், 80 சதவீத உறுதியோடு பார்ப்பதற்கான கணக்கு. ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒன்றாகப் பார்த்தால் இது போதாது. குழுவுக்கு ஆறு பேரை வைத்துக்கொண்டு நுட்பமான மாற்றங்களைத் தேடுவது வீண்.

மாதிரி எடுக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்: 10 முதல் 12 மணி நேர வெறும் வயிறு, காலை நேரம். பட்டினி கிடந்தால் லெப்டின் மரபணுவின் இயக்கம் விழும், சாப்பிட்டால் ஏறும். கொழுப்புச் செல்லுக்கென ஒரு நாள்-இரவுக் கடிகாரமும் இருக்கிறது. ஒருவரிடம் காலை 8 மணிக்கும் இன்னொருவரிடம் மாலை 4 மணிக்கும் எடுத்தால் அந்தக் கடிகாரத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

மருந்துப் பட்டியலைக் கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். பயோகிளிட்டசோன் போன்ற சர்க்கரை நோய் மருந்துகள் பிபிஏஆர்-காமா என்ற புரதத்தை நேரடியாகத் தூண்டுபவை. கொழுப்புச் செல்லின் மரபணு நிரலை நடத்துவதே அதுதான் என்பதால், அந்த மருந்து எடுப்பவரின் திசு தனி உலகம். ஸ்டீராய்டுகள் லெப்டினை ஏற்றும். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருபவர்களிடம் இன்னொரு கண்ணி ஒளிந்திருக்கிறது: அறுவைக்கு முன் சில வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் இருக்கச் சொல்லியிருப்பார்கள். எஃப்ஏஎஸ்என் போன்ற கொழுப்பு உற்பத்தி மரபணுக்கள் அந்த வாரங்களிலேயே சரிந்துவிடும். பருமனின் அடையாளம் என்று நீங்கள் எழுதப்போவது அந்த உணவுக் கட்டுப்பாட்டின் தடமாக இருக்கலாம்.

திசு எடுப்பது

எந்தக் கொழுப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள். தொப்புளைச் சுற்றியுள்ள தோலடிக் கொழுப்பும் வயிற்றுக்குள் குடலின் மேல் போர்வைபோல் தொங்கும் ஓமென்டக் கொழுப்பும் ஒரே திசுவின் இரு துண்டுகள் அல்ல. லெப்டின் தோலடியில் அதிகம். அழற்சியோடு ஏறும் இன்டர்லூகின்-6 உள்ளுறுப்புக் கொழுப்பில் அதிகம். உடலில் எந்த இடம் என்ற முகவரியைச் சொல்லும் ஹாக்ஸ் மரபணுக்களும் இரண்டிலும் வெவ்வேறு. எனவே ஒருவரின் தோலடியை இன்னொருவரின் ஓமென்டத்தோடு ஒப்பிடவே கூடாது.

எடுக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊசியால் உறிஞ்சினால் இளகிய கொழுப்புச் செல்கள் எளிதாக வரும். நார்த் திசுவும் ரத்தக் குழாயும் குறைவாக வரும். கத்தியால் வெட்டி எடுத்தால் எல்லாமே வரும். பருமன் உள்ளவர்களிடம் அறுவையின்போதும் மெலிந்தவர்களிடம் ஊசியாலும் எடுத்துவிட்டு, பருமனில் நார் மரபணுக்கள் கூடுகின்றன என்று எழுதினால் அது முறையின் வித்தியாசம்தான்.

மரத்துப்போகும் மருந்தைத் திசு எடுக்கும் இடத்துக்குள்ளேயே செலுத்தாமல், சுற்றிலும் வளையமாகப் போடச் சொல்லுங்கள். அட்ரினலின் கலந்த மருந்து கொழுப்பு கரையும் வேகத்தையே மாற்றும். அறுவை சிகிச்சையின்போது எடுப்பதென்றால் வயிற்றைத் திறந்த உடனே எடுக்க வேண்டும். வெட்டுக் காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையில் இன்டர்லூகின்-6 வேகமாக ஏறும். கடைசியில் மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் கிடைப்பது அறுவையின் அழற்சி.

எடுத்த துண்டைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் அலசி ரத்தத்தைப் போக்குங்கள். ஒற்றி எடுத்து, 100 மில்லிகிராம் துண்டுகளாக்கி, ஐந்து நிமிடத்துக்குள் திரவ நைட்ரஜனில் போடுங்கள். ஒரே பெரிய கட்டியாக உறையவைத்துவிட்டுப் பிறகு உடைக்க முயன்றால் ஓரம் உருகும். உருகிய நொடியில் ஆர்.என்.ஏ. (மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்; நாம் அளப்பது அதைத்தான்) சிதையத் தொடங்கும். காப்புக் கரைசலில் வைப்பதானால் துண்டின் தடிமன் அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கொழுப்பு அந்தக் கரைசலில் மிதக்கும். மேலே எட்டிப் பார்க்கும் பகுதிக்குக் காப்பு கிடையாது. குழாயை விளிம்புவரை நிரப்பி மூடி, ஓர் இரவு 4 டிகிரியில் சாய்த்து ஆட்டி வைத்து, மறுநாள் கரைசலிலிருந்து எடுத்து மைனஸ் 80 டிகிரிக்கு மாற்றுங்கள்.

இன்னொரு துண்டை ஃபார்மலினில் போட்டுவையுங்கள். அப்போது தேவையில்லாததுபோலத் தோன்றும். செல்லின் அளவை அளக்க அது இல்லாமல் முடியாது.

ஆர்.என்.ஏ. பிரிப்பது

கல்லீரலில் பழகிய கைக்குக் கொழுப்பு ஏமாற்றம் தரும். 100 மில்லிகிராம் கல்லீரலில் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. கிடைக்கும். அதே எடைக் கொழுப்பில் சில மைக்ரோகிராம்தான். எடையில் பெரும்பகுதி எண்ணெய், சைட்டோபிளாசம் அதைச் சுற்றிய மெல்லிய பட்டை.

100 மில்லிகிராமுக்கு 1 மில்லிலிட்டர் ட்ரைசால் (செல்லை உடைத்து ஆர்.என்.ஏ.யைக் காக்கும் கரைசல்) ஊற்றி, உறைந்த துண்டு உருகும் முன்பே ஹோமோஜெனைசரால் 30 முதல் 60 நொடி அரையுங்கள். ஐந்து நிமிடம் அறை வெப்பநிலையில் விடுங்கள். இப்போது, குளோரோஃபார்ம் சேர்ப்பதற்கு முன், 12,000 ஜி விசையில் 4 டிகிரியில் 10 நிமிடம் சுழற்றுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. மேலே எண்ணெய்ப் படலம் ஏடுபோல் கட்டிநிற்கும். பைப்பெட் நுனியை அதன் வழியே குத்தி இறக்கி, கீழே உள்ள தெளிந்த திரவத்தை மட்டும் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். நுனியின் வெளிப்புறத்தில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உடன் வந்தால் பின்னால் ஆர்.என்.ஏ.யைப் பிடித்துவைக்கும் வடிகட்டிப் பத்தி (column) அடைத்துக்கொள்ளும், விளைச்சல் பாதியாகும்.

பிறகு 0.2 மில்லிலிட்டர் குளோரோஃபார்ம், 15 நொடி பலமாகக் குலுக்கல், மூன்று நிமிடக் காத்திருப்பு, 12,000 ஜி விசையில் 15 நிமிடம். மேலே நிற்கும் நிறமற்ற அடுக்கை எடுங்கள். ஆசைப்பட்டு நடுப்படலத்துக்குக் கிட்டே போகாதீர்கள். கடைசி 50 மைக்ரோலிட்டரைக் கீழேயே விட்டால் டி.என்.ஏ. கலப்பு வெகுவாகக் குறையும். சம அளவு 70 சதவீத எத்தனால் சேர்த்துப் பத்தியில் ஏற்றி, பத்தியின் மேலேயே 15 நிமிடம் டி.என்.ஏ.ஸ் (டி.என்.ஏ.வை வெட்டும் என்சைம்) கொடுத்து, கழுவி, 30 மைக்ரோலிட்டர் நீரில் இறக்குங்கள். ட்ரைசாலில் குவானிடின் உப்பு இருக்கிறது. கழிவின் மேல் பிளீச் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். தனிக் குப்பியில் சேருங்கள்.

ஒளி உறிஞ்சலை வைத்துத் தூய்மையைச் சொல்லும் 260/280 விகிதம் 2.0க்கு அருகில் இருக்கும். 260/230 மட்டும் 1க்குக் கீழே போய்ப் பயமுறுத்தும். பெரும்பாலும் அது குவானிடின் மிச்சம். கழுவும் பஃபரை இன்னொரு முறை ஓட்டி, பத்தியை வெறுமனே ஒரு நிமிடம் சுழற்றினால் சரியாகும். சிதைவைச் சொல்லும் ஆர்.ஐ.என். எண் (10 என்றால் சிதையாதது) 7க்கு மேல் இருக்கட்டும். அதைவிட முக்கியம், இரு குழுவிலும் ஒரேபோல் இருப்பது. பருமன் குழுவின் சராசரி 6.5, மெலிந்தோர் குழுவின் சராசரி 8.5 என்றால் எல்லா முடிவிலும் சிதைவின் நிழல் படியும்.

கியூ.பி.சி.ஆர்.

டி.என்.ஏ. நகலைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி, அது எந்தச் சுற்றில் எழுகிறது என்று பார்த்து ஆரம்ப அளவைச் சொல்லும் முறை இது. அந்தச் சுற்று எண்தான் சி.டி.; அது குறைந்தால் மரபணு அதிகம். எல்லா மாதிரியிலிருந்தும் ஒரே அளவு, 500 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுத்து சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.யின் டி.என்.ஏ. நகல்) ஆக்குங்கள். அந்த நகலை எடுக்கும் என்சைம் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் ஒன்றும் ஓடட்டும். அது உண்மையான குழாயைவிட ஏழு சுற்றாவது தாமதமாக எழ வேண்டும். ஏழு சுற்று என்பது 128 மடங்கு, அதாவது டி.என்.ஏ. கலப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழ்.

ஒப்பீட்டு மரபணுவாக (அளவு மாறாதது என்று நம்பி, மற்றவற்றை அளக்க அடிப்படையாக வைப்பது) ஜிஏபிடிஹெச்சைப் பழக்கதோஷத்தில் எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொழுப்பில் அது கூடாது. இன்சுலின் அதை ஏற்றும். இன்சுலின் அளவோ பருமனில் மாறும். பீட்டா ஆக்டினும் உதவாது, முன்னோடிச் செல் கொழுப்புச் செல்லாக முதிரும்போது அது விழும். பிபிஐஏ, ஆர்பிஎல்பி0, டிபிபி, எல்ஆர்பி10 உட்பட எட்டு மரபணுக்களை உங்கள் மாதிரிகளில் பத்தில் சோதித்து, நிலையான மூன்றைத் தேர்ந்து, அவற்றின் சி.டி. சராசரியை அடிப்படையாக வையுங்கள்.

கணக்கு எளிது. ஓர் எடுத்துக்காட்டு: பருமன் குழுவில் லெப்டின் 22.4, ஒப்பீட்டுச் சராசரி 21.0, வித்தியாசம் 1.4. மெலிந்தோர் குழுவில் அந்த வித்தியாசம் 3.4. இரண்டுக்கும் இடையே 2 சுற்று. இரண்டின் இரண்டாம் அடுக்கு, 4 மடங்கு. ஆனால் இது ஒவ்வொரு சுற்றிலும் சரியாக இரட்டிப்பாகிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. திறன் 90 சதவீதமானால் 4 என்பது 3.6. இரண்டு சுற்றுக்கு இது பெரிய இழப்பல்ல. ஐந்து சுற்று வித்தியாசத்தில் 32 என்று எழுதுவது உண்மையில் 25ஆக இருக்கும். ஒவ்வொரு பிரைமருக்கும் (குறிப்பிட்ட மரபணுவை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஐந்து படி நீர்ப்பு வரிசை போட்டுச் சாய்வைப் பாருங்கள். மைனஸ் 3.32 என்றால் முழுத் திறன், மைனஸ் 3.1 முதல் மைனஸ் 3.6 வரை ஏற்கலாம்.

செல்லுக்கா, கிராமுக்கா?

பருமனில் கொழுப்புச் செல் வீங்குகிறது. விட்டம் 60 மைக்ரானிலிருந்து 120 ஆனால் கன அளவு எட்டு மடங்காகும். ஒரு கிராம் திசுவில் இருக்கும் செல்களின் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகச் சுருங்கும். இப்போது ஒரு செல்லுக்கு ஒரு மரபணு இரு மடங்கு இயங்கினாலும், ஒரு கிராமுக்குப் பார்த்தால் நான்கில் ஒன்றாக விழுந்ததுபோல் தெரியும். ஒரே உண்மை, இரண்டு எதிரெதிர் தலைப்புகள்.

கியூ.பி.சி.ஆர். தருவது கிராமுக்கும் அல்ல, செல்லுக்கும் அல்ல. மொத்த ஆர்.என்.ஏ.யில் எத்தனை பங்கு என்பதையே தருகிறது. முடிவை எழுதும்போது அதைச் சொல்லுங்கள். செல்லுக்கு எவ்வளவு என்று பேச வேண்டுமானால், ஃபார்மலின் துண்டில் குறைந்தது 200 செல்களின் விட்டத்தை அளந்து, கிராமுக்கு எத்தனை செல், கிராமுக்கு எவ்வளவு ஆர்.என்.ஏ. என்ற இரண்டையும் வைத்துக் கணக்கிட வேண்டும்.

எந்தச் செல்?

கன அளவில் திசுவின் 90 சதவீதத்துக்கும் மேல் கொழுப்புச் செல்தான். எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. மிச்சம் முன்னோடிச் செல்கள், ரத்தக் குழாய்ச் செல்கள், நோயெதிர்ப்புச் செல்கள். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வின் மதிப்பீட்டில், மெலிந்தவர்களின் கொழுப்பில் மேக்ரோஃபேஜ் 10 சதவீதத்துக்கும் கீழ். பருமன் உள்ளவர்களிடம் ஏறக்குறைய 40 சதவீதம்.

இதை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு. மேக்ரோஃபேஜில் மட்டும் இயங்கும் ஒரு மரபணு, செல்லுக்குள் கொஞ்சமும் மாறவில்லை. மொத்த ஆர்.என்.ஏ.யில் மேக்ரோஃபேஜின் பங்கு 10இலிருந்து 40 ஆகிறது. கருவி சொல்லும்: நான்கு மடங்கு ஏற்றம். அதே திசுவில் கொழுப்புச் செல்லின் பங்கு 80இலிருந்து 50 ஆகிறது. அடிப்போனெக்டின் செல்லுக்குள் அப்படியே இருந்தாலும் 0.63 மடங்காகச் சரிந்ததாகத் தெரியும். எந்த மரபணுவும் நடத்தையை மாற்றிக்கொள்ளவில்லை. கூட்டம் மட்டும் மாறியிருக்கிறது.

பிரித்தறியச் சில வழிகள். மலிவானது, சிடி68 அளவைப் புள்ளியியல் மாதிரியில் (model) ஒரு காரணியாகச் சேர்ப்பது. சேர்த்ததும் உங்கள் மரபணுவின் தொடர்பு மறைந்தால் அது மேக்ரோஃபேஜோடு வந்த சரக்கு. அடுத்தது, திசுவைத் தனிச் செல்களாகப் பிரிக்கும் கொலாஜெனேஸ் என்சைம்: மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், 37 டிகிரி, 30 முதல் 60 நிமிடம் மெல்ல ஆட்டினால் கொழுப்புச் செல் மிதக்கும், மற்றவை அடியில் தங்கும். பிளாஸ்டிக் குழாயும் நுனி வெட்டிய பைப்பெட்டும் பயன்படுத்துங்கள். வெறும் கண்ணாடியில் செல்கள் உடையும். இதன் குறை, அந்த ஒரு மணி நேரச் செரிமானமே அழற்சி மரபணுக்களைக் கிளப்பிவிடும் என்பது. சிசிஎல்2-வைத் தேடுபவர் இந்த வழியில் போகக் கூடாது.

தனிச்செல் கருவிகள் முழுக் கொழுப்புச் செல்லை ஏற்காது; அது மிதக்கும், வெடிக்கும். அதனால் உறைந்த திசுவிலிருந்து உட்கருவை மட்டும் பிரித்து ஆர்.என்.ஏ. வரிசையைப் படிக்கும் முறை வந்தது. 2022இல் மனித, எலி வெள்ளைக் கொழுப்பின் செல் வரைபடம் இப்படித்தான் கிடைத்தது. செலவு பெரிது. ஆனால் இரண்டு மூன்று மாதிரிகளில் செய்தாலும் உங்கள் மரபணுவின் சொந்த வீடு எது என்று தெரிந்துவிடும்.

கூடவே வந்த அந்நியர்களையும் பாருங்கள். ஹீமோகுளோபின் மரபணு எகிறினால் ரத்தம். கெரட்டின் தெரிந்தால் தோல். மீசோதெலின் தெரிந்தால் ஓமென்டத்தின் மேலுறை. மெலிந்தவரின் ஓமென்டம் மெல்லியது, அதில் மேலுறையின் பங்கு அதிகம். அதனால் மீசோதெலின் ‘பருமனில் குறையும் மரபணு’ போல வேஷம் போடும்.

காரணமா, விளைவா?

தொடர்பு கிடைத்துவிட்டது. திசையைச் சொல்வதில் அவசரம் வேண்டாம். பி.எம்.ஐ.யோடு இணைந்த 97 மரபணு இடங்களை 2015இல் தொகுத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை சுட்டியது மூளையை, அதாவது பசியை நடத்தும் இடத்தை. அதே ஆண்டு இடுப்பு-பிட்ட விகிதத்தோடு இணைந்த 49 இடங்களைத் தொகுத்தபோது அவை கொழுப்புத் திசுவைச் சுட்டின. எவ்வளவு கொழுப்பு என்பதில் மூளையின் கை ஓங்கியிருக்கிறது. அது எங்கே சேரும் என்பதில் கொழுப்புத் திசுவின் கை. எனவே கொழுப்பில் பார்க்கும் மாற்றங்களில் பெரும்பகுதியை விளைவு என்று எடுத்துக்கொண்டு தொடங்குவதே பாதுகாப்பு.

அருகில் இருக்கும் மரபணுவைக் குற்றவாளியாக்குவதும் ஆபத்து. 2007இல் எஃப்டிஓ என்ற மரபணுவுக்குள் பருமனோடு இணைந்த மாறுபாடு கிடைத்தது. பல ஆண்டுகள் எஃப்டிஓ பழியைச் சுமந்தது. 2015இல் காட்டப்பட்டது வேறு: அந்த மாறுபாடு, தொலைவில் இருக்கும் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 ஆகிய இரு மரபணுக்களை முன்னோடிக் கொழுப்புச் செல்லில் தட்டி எழுப்புகிறது, வெப்பமாக எரிக்க வேண்டியதைச் செல் சேமிக்கத் தொடங்குகிறது.

திசையை நெருங்க நடைமுறையில் மூன்று வழிகள். ஒரே ஆளிடம் எடை குறையும் முன்பும் பின்பும் அளப்பது. பின் அளவை எடை நிலையான பிறகு எடுக்க வேண்டும், குறைந்துகொண்டிருக்கும்போது எடுத்தால் பட்டினியை அளப்பீர்கள். ஒரு கரு இரட்டையரில் ஒருவர் பருத்து மற்றவர் மெலிந்திருக்கும் ஜோடிகளை ஒப்பிடுவது. மூன்றாவது, பிறப்பிலேயே அந்த மரபணுவின் இயக்கத்தைக் கூட்டும் மாறுபாடு உள்ளவர்கள் உண்மையில் பருத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. அதற்குப் புதிதாகத் திசு எடுக்க வேண்டியதில்லை. பல மனிதத் திசுக்களின் மரபணு இயக்கத்தைத் திரட்டிய ஜிடெக்ஸ் தரவுத் தொகுப்பில் தோலடி, ஓமென்டம் இரண்டும் திறந்தே கிடக்கின்றன.

எடை குறைந்தவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பருத்திருந்து மெலிந்தவர்களின் கொழுப்புச் செல்களில் மரபணு இயக்கத்திலும் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் அதைச் சுற்றிவைக்கும் புரதங்களும்) அடையாளங்களிலும் பழைய பருமனின் தடம் தங்கியிருப்பதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. கொழுப்புச் செல் ஆண்டுக்குப் பத்து சதவீத அளவில்தான் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை. இன்றைய பி.எம்.ஐ. 23 என்பதற்காக அப்படிப்பட்டவரை ஒப்பீட்டுக் குழுவில் வைக்காதீர்கள். சேர்க்கைப் படிவத்தில் ‘வாழ்நாளில் அதிகபட்ச எடை, எந்த வயதில்’ என்று ஒரு கட்டம் போட்டு, மாதிரி எடுக்கும் முன்பே நிரப்பி வாங்கிவிடுங்கள்.